தமிழ் மாறிப் பெயர்கள்: லெக்சரை வைட் கேரக்டருக்கு மாற்றணுமா, பைட்டிலேயே விடலாமா?

இலைக்கணக்கு (கோத்தகிரி)

வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு நூலகத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு புரோகிராமிங் சொல்லித் தருகிறோம். அதற்காகத் தமிழ்ச் சொற்களில் எழுதும் குட்டி மொழி ஒன்றை சி-யில் செய்து வருகிறேன். பெரிய லட்சியம் எதுவும் இல்லை. பாதிப் பிள்ளைகள் வீட்டில் கொஞ்சம் தேயிலை உண்டு. ஃபேக்டரிக்கு எத்தனை கிலோ பச்சை இலை போனது, மழை நாளில் ஈரத்துக்கு எவ்வளவு பிடித்தார்கள், கையில் என்ன வரும் என்று கணக்குப் போட முடிந்தால் போதும்.

    கொழுந்து = 42
    ஈரப்பிடித்தம் = 3
    தொகை = (கொழுந்து - ஈரப்பிடித்தம்) * விலை

லெக்சர் (கோடைச் சொல் சொல்லாகப் பிரிக்கும் பகுதி) முதலில் பைட் பைட்டாகப் படித்தது. 256 இடமுள்ள அட்டவணை, ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஃபங்ஷன் பாயின்டர். ராஸ்பெரி பை என்ற கையளவு கணினியில் சமர்த்தாக ஓடியது. லேபில் உள்ள இன்டெல் மெஷின்களில் முதல் தமிழ் எழுத்திலேயே செக்மென்டேஷன் ஃபால்ட். "வைட் கேரக்டருக்குப் போய்விடு" என்று ஒருவர் சொன்னதால் தனிக் கிளையில் எல்லாவற்றையும், பைட்டுக்குப் பதில் எழுத்து எண்ணையே வைக்கும் டபிள்யூசார்-டி (wchar_t) வகை, அதைப் படிக்கும் கெட்-டபிள்யூசி (getwc) என்று மாற்றிப் பார்த்தேன். கிராஷ் போய்விட்டது. வேறு மூன்று தலைவலி வந்துவிட்டது:

ராஸ்பெரி பை பூட் ஆகும்போது தானாக ஓடும்படி வைத்தால், முதல் தமிழ் எழுத்தோடு கோப்பே முடிந்துவிட்டதாக நினைத்துப் பேசாமல் நிற்கிறது. டெர்மினலில் கையால் ஓட்டினால் சரி.

சில பிள்ளைகளின் கோப்பில் "கொழுந்து என்ற மாறி இல்லை" என்கிறது. மேல் வரியிலேயே இருக்கிறது.

எர்ரர் காட்டும் அம்புக்குறி எப்போதும் வலப்பக்கம் தள்ளியே நிற்கிறது.

இனி முழுக்க வைட் கேரக்டரா, திரும்பி பைட்டுக்கா?

பைட்_பைத்தியம் (குன்னூர்)

முதல்ல அந்த கிராஷ். அதுக்கும் வைட் கேரக்டருக்கும் சம்பந்தமே இல்லைங்க. யூனிகோடுல (எழுத்துக்கெல்லாம் எண் தர்ற பட்டியல்) தமிழ்த் தொகுதியில இருக்கிற ஒவ்வொரு எண்ணும் யூடிஎஃப்-8ல (அந்த எண்ணை பைட்டா எழுதுற முறை) மூணு பைட், முதல் பைட் எப்பவும் 224. இன்டெல் மெஷின்ல ஜிசிசி கம்பைலருக்கு சார் (char)-ங்கிறது குறி உள்ள வகை, மைனஸும் வரும், அதனால 224 உள்ள போனதும் −32 ஆயிடும். உங்க அட்டவணையில −32ஆம் இடத்துல என்ன குப்பை இருக்கோ அதை ஃபங்ஷன்னு நினைச்சுத் தாவுது, விழுது. பையில இருக்கிற ஏஆர்எம் சிப்புக்கான லினக்ஸ்ல சார் குறியில்லாதது, 224 அப்படியே 224. பையில ஓடினதுக்குக் காரணம் அவ்ளோதான்.

அன்சைன்ட் சார்-னு மாத்துங்க. அடுத்த பைட்டைப் படிக்கிற கெட்-சி (getc) தர்றதை இன்ட் (int)-லயே வாங்குங்க. சார்-ல வாங்கினா 255ங்கிற பைட் −1 ஆகி, கோப்பு முடிஞ்சதுக்கான அடையாளத்தோட ஒண்ணாயிடும். ஏஆர்எம்ல நேர்மாறு, −1 வரவே வராது, லூப் ஓடிக்கிட்டே இருக்கும்.

மத்த மூணுக்கு ராத்திரி எழுதுறேன். மழையில நெட் வந்து வந்து போகுது.

பழைய_லினக்ஸ் (ஊட்டி)

கிராஷ் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அதை வைத்து "பைட்டே போதும்" என்று கிளம்பிவிடாதீர்கள் என்று இப்போதே சொல்லி வைக்கிறேன். பிள்ளைகளுக்குக் காட்டப் போகும் கம்பைலர் இது. கோப்பு முழுவதையும் ஒரே மூச்சில் 32 பிட் எண்களின் வரிசையாக மாற்றி வைத்துக்கொண்டால், லெக்சருக்குள் டீகோடிங் (பைட்டுகளை எழுத்து எண்ணாக மாற்றுவது) என்ற பேச்சே வராது. ஐந்தாவது இடத்தில் என்ன இருக்கிறது என்றால் ஐந்தாவது எண்ணைப் பார், முடிந்தது. நினைவகம் கூடுதலாகப் பிடிக்கும் என்பீர்கள். பிள்ளைகள் எழுதுவது ஐம்பது வரி.

தொட்டபெட்டா_குளிர்

அண்ணா, ஒரு சின்ன சந்தேகம். லெக்சரை ஏன் கையால எழுதணும்? எங்க காலேஜ்ல லெக்சரைத் தானா எழுதித் தர்ற ஃப்ளெக்ஸ் வெச்சுதான் செய்யச் சொன்னாங்க. அதுல யூனிகோடு வராதா?

பைட்_பைத்தியம்

ஃப்ளெக்ஸுக்கு யூனிகோடு தெரியாது தம்பி, அது பார்க்கிறது 8 பிட் பைட் மட்டும்தான். ஆனா தமிழுக்கு அது ஒரு தடையே இல்லை. தமிழ்த் தொகுதி யூனிகோடுல 2944ல இருந்து 3071 வரைக்கும். பைட்டா எழுதினா முதல்ல 224, அடுத்து 174 இல்லைன்னா 175, மூணாவது 128ல இருந்து 191க்குள்ள ஏதோ ஒண்ணு. இந்த மூணையும் வரிசையா ஒரு பேட்டர்னா எழுதினா அந்தத் தொகுதி மொத்தமும் அதுல அடங்கிடும். கன்னடம், மலையாளம் வேணும்னா இன்னும் ரெண்டு வரி.

இப்ப இலைக்கணக்கு சார் கேட்டதுக்கு வர்றேன்.

வைட் கேரக்டர்னு பேர் வெச்சிருக்கிறதால ஒரு எழுத்துக்கு ஒரு பெட்டின்னு நினைப்பு வந்துடுது. உங்க "கொழுந்து"வையே எடுத்துக்குவோம். நம்ம கண்ணுக்கு நாலு எழுத்து: கொ, ழு, ந், து. யூனிகோடுக்கு எட்டு எண்:

    க 2965, ொ 3018, ழ 2996, ு 3009, ந 2984, ் 3021, த 2980, ு 3009

யூடிஎஃப்-8ல 24 பைட். 32 பிட்டுக்கு மாத்தினா 24ங்கிறது 8 ஆகும், 4 ஆகாது. பழைய_லினக்ஸ் சொல்ற "ஐந்தாவது இடம்" இங்க ந. புள்ளி ஆறாவதுல தனியா நிக்குது. அதை ஒரு எழுத்துன்னு எந்தப் பிள்ளைகிட்டயும் சொல்ல முடியாது. இங்கிலீஷுக்கு வைட் கேரக்டர் எதைத் தருதோ, தமிழுக்கு அது தர்றதில்லை. சிரமம் மட்டும் அப்படியே வருது.

அடுத்தது, டபிள்யூசார்-டி எவ்வளவு அகலம்னு சி மொழி நிர்ணயிக்கலை. லினக்ஸ்ல 32 பிட், விண்டோஸ்ல 16 பிட். 65535க்கு மேல போனா விண்டோஸ்ல ரெண்டு துண்டாகும். அது சீனத்துக்கும் எமோஜிக்கும்தானேன்னு விட முடியாது. பழைய தமிழ்ப் பின்னக் குறிகளை யூனிகோடு 12ல, 2019ல, சேர்த்தாங்க. அவங்களுக்குக் கிடைச்ச இடம் 73664ல தொடங்குது. முதல் குறியே முந்திரி, 320ல ஒரு பங்கு. லினக்ஸ்ல அது ஒரே எண். விண்டோஸ்ல 55303, 57280னு ரெண்டு. ஒரே சோர்ஸ், ஒரே கம்பைலர், ரெண்டு விடை.

மூணாவதுதான் உங்க பூட் பிரச்சினை. கெட்-டபிள்யூசி லொகேலை (மெஷினோட மொழி, எழுத்து அமைப்பு) நம்பி ஓடுது. டெர்மினல்ல உங்க லொகேல் யூடிஎஃப்-8. பூட்ல யாரும் அதை அமைச்சுத் தரலை, வெறும் "சி" லொகேல். 224ஐப் பார்த்ததும் அதுக்குப் புரியலை, பிழைன்னு திருப்பி அனுப்புது. பிழைக்கும் கோப்பு முடிஞ்சதுக்கும் அது தர்ற மதிப்பு ஒண்ணுதான், என்ன பிழைன்னு சொல்ற எர்நோ (errno)-வைப் பார்த்தா வித்தியாசம் தெரியும். யார் பார்க்கிறாங்க? ஒரு கோப்புல என்ன எழுதியிருக்குங்கிறது அதை ஓட்டுற மெஷினோட அமைப்பைப் பொறுத்து மாறக்கூடாது. கம்பைலருக்கு இதைவிட அடிப்படையான விதி எனக்குத் தெரியலை. கோ, ரஸ்ட்னு ரெண்டு மொழியும் சோர்ஸ்னா யூடிஎஃப்-8தான்னு கறாரா சொல்லிட்டாங்க. நீங்களும் அப்படியே சொல்லிடுங்க.

பழைய_லினக்ஸ்

லொகேல் வாதம் நியாயமானது, ஏற்றுக்கொள்கிறேன். டபிள்யூசார்-டி வேண்டாம். ஆனால் நான் சொன்னது 32 பிட் எண்கள். யூடிஎஃப்-8 டீகோடரை நாமே இருபது வரியில் எழுதி, அகலம் நிச்சயமான வகையில் போட்டுக்கொண்டால் லொகேலும் இல்லை, விண்டோஸ் தகராறும் இல்லை. செல்லாத பைட்டுகளையும் வாசலிலேயே பிடித்துவிடலாம். அதுதான் எனக்கு முக்கியம். லெக்சர் முழுக்கச் சோதனை விரவிக் கிடந்தால் எங்காவது ஓரிடத்தில் விட்டுப்போகும்.

பைட்_பைத்தியம்

வாசல்ல பிடிக்கணும்னா பிடிக்கலாம், அதுக்காக மாத்தணும்னு இல்லையே. செல்லுமான்னு ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டு, பைட்டை பைட்டாவே வெச்சுக்கலாம். 192, 193, அப்புறம் 245ல இருந்து 255, இதெல்லாம் யூடிஎஃப்-8ல எங்கயும் வரவே கூடாத பைட். அதோட தேவையில்லாம நீட்டி எழுதினது, 55296ல இருந்து 57343 வரைக்கும் உள்ள எண், 1114111ஐத் தாண்டினது, பாதியில அறுந்து நிக்கிறது, முதல் பைட் இல்லாம தனியா வர்ற தொடர் பைட், இவ்ளோதான் தள்ள வேண்டியது.

இதை இவ்வளவு தைரியமா சொல்றதுக்குக் காரணம் யூடிஎஃப்-8ஐ அமைச்ச விதம். 1992ல கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் பிளான் 9ங்கிற ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்காகச் செஞ்சது. பல பைட் எழுத்தோட எந்தப் பைட்டும் 128க்குக் கீழ வராது. அதனால கூட்டல் குறி, மேற்கோள், வரி முடிவு இதெல்லாம் தமிழ் எழுத்துக்குள்ள ஒளிஞ்சிருக்க வாய்ப்பே இல்லை. இது சாதாரண விஷயம் இல்லைங்க. ஜப்பான்காரங்களோட ஷிஃப்ட்-ஜிஸ் என்கோடிங்ல சில எழுத்துக்கு ரெண்டாவது பைட் 92, அதாவது பின்சாய்வுக் கோடு. சி-யில ஒரு வரி கமென்ட் அந்த மாதிரி எழுத்துல முடிஞ்சா, வரி அடுத்ததுலயும் தொடருதுன்னு கம்பைலர் நினைச்சு, அடுத்த வரிக் கோடையும் கமென்டா முழுங்கிடும். அந்த மாதிரி என்கோடிங்கா இருந்தா நானே உங்க கட்சி. யூடிஎஃப்-8க்கு அந்த வைத்தியம் தேவையில்லை.

பைத்தானைப் பாருங்க. சி-யில எழுதின அதோட டோக்கனைசர் (அதோட லெக்சர்) யூடிஎஃப்-8 பைட்லதான் நடக்குது. ஆங்கில எழுத்து, அடிக்கோடு, 128 இல்லைன்னா அதுக்கு மேல எந்தப் பைட், இதுல எது வந்தாலும் "பேரா இருக்கலாம்"னு எடுத்துக்கும். பேர் முடிஞ்சப்புறம் மொத்தமா ஒரு தடவை சரிபார்க்கும்:

    ப = அடுத்த பைட்
    ப ஆங்கில எழுத்து, _ , அல்லது ப >= 128 : பெயர் தொடங்குகிறது
    அதே வகைப் பைட்டோ இலக்கமோ வரும்வரை நகரு
    பெயரில் 128 அல்லது மேலே ஏதாவது இருந்தால் : பெயரைச் சரிபார்

டீகோடிங் அந்தக் கடைசி வரிக்குள்ள மட்டும். எண், குறி, கமென்ட், சரம் எதுக்கும் அது தேவைப்படாது.

கூடலூர்_வாசி

"பெயரைச் சரிபார்" என்று ஒரே வரியில் போய்விட்டீர்கள். எங்கள் ஊரில் தலைவலி ஆரம்பிப்பதே அங்கேதான்.

எழுத்தா என்று மட்டும் சோதித்தால் தமிழ் அடிவாங்கும். யூனிகோடு கணக்கில் புள்ளியும், கால், கொம்பு, சுழி எல்லாமும் எழுத்து அல்ல, சார்ந்து வரும் குறிகள். பைத்தானில் "மரம்" என்ற சரத்திடம் எல்லாம் எழுத்தா என்று (இஸ்-ஆல்ஃபா) கேட்டால் இல்லை என்கிறது, பெயராக ஆகுமா என்று (இஸ்-ஐடென்டிஃபயர்) கேட்டால் ஆம் என்கிறது. கோ மொழியில் பெயருக்கு எழுத்தும் இலக்கமும் மட்டுமே ஆகும். எனவே "மரம்" என்று ஒரு மாறி வைக்கவே முடியாது. புள்ளியை எடுத்துவிட்டு "மரம" என்றால் ஏற்றுக்கொள்ளும்! தேவநாகரிக்கும் இதே கதி என்று அவர்களின் கேள்வி பதில் பக்கத்திலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ரஸ்ட் 2021-ல் 1.53 பதிப்பிலிருந்து யூனிகோடின் 31ஆம் இணைப்பு விதிப்படி நடக்கிறது: தொடங்க ஒரு பட்டியல், தொடர இன்னொரு பட்டியல். குறிகள் இரண்டாவதில் உண்டு. அதையே பின்பற்றுங்கள்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் மலையாளம் எழுதுபவர்களும் உண்டு. மலையாளச் சில்லு எழுத்துகளுக்கு (உயிர் இல்லாமல் நிற்கும் மெய்யின் தனி வடிவம்) தனி எண் வந்தது 2008-ல், யூனிகோடு 5.1-ல். அதற்கு முன் மெய்யோடு அகலமில்லாத இணைப்பான் சேர்த்து எழுதுவார்கள், எண் 8205. பழைய கோப்பிலிருந்து ஒட்டினால் பழைய வடிவம் வரும், கீபோர்டில் அடித்தால் புதியது. திரையில் ஒன்றுதான். நார்மலைஸ் செய்தாலும் (வேறு வேறாக எழுதிய ஒரே எழுத்தை ஒரே வடிவமாக்குவது) இரண்டும் ஒன்றாகாது.

இலைக்கணக்கு

திரையில் ஒன்று, உள்ளே வேறு என்று நீங்கள் சொன்னதும் "கொழுந்து என்ற மாறி இல்லை" கோப்பின் பைட்டுகளை எடுத்துப் பார்த்தேன். முதல் எழுத்து மட்டும்:

    1ஆம் வரி: 224 174 149  224 175 138
    3ஆம் வரி: 224 174 149  224 175 134  224 174 190

முதலில் க-வும் ொ-வும். மூன்றாம் வரியில் க, ெ, ா என்று மூன்று துண்டு. அந்தப் பையனின் அக்கா பழைய பாமினி எழுத்துருக் கோப்பு ஒன்றிலிருந்து கன்வெர்ட்டர் போட்டு ஒட்டிக் கொடுத்த வரியாம் அது.

பைட்_பைத்தியம்

அதேதான். பாமினியில கொம்பும் காலும் தனித்தனியா கிடக்கும், சில கன்வெர்ட்டர் அதைச் சேர்க்காமலே தள்ளிவிடும். இதுக்கு, பிரிஞ்சதைச் சேர்க்கிற எண்ணெஃப்சி (NFC) நார்மலைசேஷன். பெரிய லைப்ரரி எதையும் இழுக்காதீங்க. தமிழ்த் தொகுதியில சேர வேண்டிய ஜோடி மொத்தமே நாலுதான்:

    3014 + 3006 : 3018   (ெ ா : ொ)
    3015 + 3006 : 3019   (ே ா : ோ)
    3014 + 3031 : 3020   (ௌ)
    2962 + 3031 : 2964   (ஔ)

பேரை சிம்பல் டேபிள்ல (மாறிப் பெயர்ப் பட்டியல்) போடறதுக்கு முன்னாடி இதை ஓட்டிடுங்க. சரத்துக்குள்ள கை வைக்காதீங்க, அங்க பிள்ளை எழுதினது எழுதினபடி இருக்கணும். ரஸ்டும் பேரை இப்படித்தான் சேர்க்குது. சி++23 இன்னும் கறார், சேர்க்காத வடிவத்துல பேர் வந்தா பிழைன்னே சொல்லிடுது.

பழைய_லினக்ஸ் அண்ணா கவனிக்க: 32 பிட்டுக்கு மாத்தியிருந்தாலும் இந்த வேலை மிச்சம் இருந்திருக்கும்.

பழைய_லினக்ஸ்

இருந்திருக்கும்தான். ஆனால் நான்கு ஜோடிகளை எண்களாக ஒப்பிடுவது ஆறு பைட்டுகளை ஒப்பிடுவதைவிடப் படிக்க எளிது. சரிபார்க்கும் இடத்தில் எப்படியும் டீகோட் செய்கிறீர்கள். நான் கோப்புக்கு ஒரு முறை செய்யச் சொன்னேன், நீங்கள் பெயருக்கு ஒரு முறை செய்கிறீர்கள். இலைக்கணக்குக்கு எது வசதியோ அது.

கூடலூர்_வாசி

நான்கு ஜோடிக்கும் அடங்காத ஒன்று இருக்கிறது. கௌ என்பதைப் பாதிப் பேர் கெ போட்டுப் பக்கத்தில் ள அடித்து எழுதுகிறார்கள். ஔவையாரை ஒ, ள என்று எழுதுவதும் அப்படியே. உண்மையான ௌ-வின் வால் 3031, ளகரம் 2995. யூனிகோடுக்கு இரண்டும் வேறு, எந்த நார்மலைசேஷனும் தொடாது, தொடவும் கூடாது, ஏனென்றால் கெளிறு என்று நிஜமாகவே கெ, ள சேர்ந்து வரும் சொல் உண்டு. தமிழ் இலக்கம் ௧-உம் க-வும் அப்படித்தான், 3047, 2965. ௭ என்ற இலக்கமும் எ-யும் இன்னொரு ஜோடி.

பைட்_பைத்தியம்

அதை எச்சரிக்கையா வெச்சுக்கலாம். "இந்தப் பேர் இல்லை"ன்னு சொல்ற இடத்துல, ளகரத்தை 3031ஆ மாத்தி, இலக்கத்தை எழுத்தா மாத்தி, நாலு ஜோடியையும் மறுபடி ஓட்டி ஒரு தடவை டேபிள்ல தேடுங்க. கிடைச்சா "நீ சொல்ல வந்தது இதுவா?"ன்னு கேளுங்க. தானா மாத்திடாதீங்க.

தொட்டபெட்டா_குளிர்

அண்ணா, எல்லா பைட்டையும் பேர்ல சேர்த்தா வாட்ஸ்அப்ல வர்ற கோடு என்ன ஆகும்? நாங்க அசைன்மென்ட் எல்லாம் அதுலதான் அனுப்பிக்கிறோம். மேற்கோள் எல்லாம் வளைஞ்சு வருது.

பைட்_பைத்தியம்

நல்ல கேள்வி, அந்த முறையோட பலவீனம் அங்கதான். வளைஞ்ச மேற்கோள் 226 128 156. வெப் பக்கத்துல இருந்து ஒட்டினா வர்ற உடையாத இடைவெளி 194 160. ரெண்டும் 128க்கு மேல, அதனால பேரோட ஒட்டிக்கும். சரிபார்க்கும்போது கண்டிப்பா மாட்டும், ஆனா அப்ப "செல்லாத பெயர்"னு மட்டும் சொன்னா பிள்ளைக்கு ஒண்ணும் விளங்காது, கண்ணுக்கு இடைவெளிதானே தெரியுது. எது மாட்டுச்சுன்னு எண் கையில இருக்கு, அதனால "இங்கே வளைந்த மேற்கோள் இருக்கிறது, நேர் மேற்கோள் போடு"ன்னு நேராவே சொல்லிடலாம். ஏழெட்டு எழுத்துக்கு இப்படித் தனிச் செய்தி வெச்சா போதும்.

கோப்புத் தொடக்கத்தையும் பாருங்க. 239 187 191 இருந்தா தாண்டிப் போயிடுங்க, பழைய நோட்பேட் கோப்போட தலையில போடுற பிஓஎம் அடையாளம் அது. 255 254 இருந்தா அது யூடிஎஃப்-16. பழைய நோட்பேட்ல "யூனிகோடு"ன்னு தேர்ந்தெடுத்துச் சேமிச்சிருப்பாங்க. படிக்க முயற்சி பண்ணாம "யூடிஎஃப்-8ஆகச் சேமி"ன்னு சொல்லி நிறுத்திடுங்க.

பழைய_லினக்ஸ்

அம்புக்குறியை யாரும் தொடவில்லை. அது தள்ளி நிற்பதற்குக் காரணம் எட்டு எண்ணுக்கு எட்டு இடைவெளி விடுகிறீர்கள், திரையில் இருப்பது நாலு எழுத்து. நாலுக்கு நாலு விட்டாலும் சரியாகாது. கொ-வின் அகலமும் து-வின் அகலமும் ஒன்றல்ல, டெர்மினலுக்கு டெர்மினல் வேறு. தமிழுக்கு அம்புக்குறியே வேண்டாம். வரி எண்ணும், பிழையான சொல்லை மேற்கோளுக்குள்ளும் காட்டுங்கள். நாளை எடிட்டரோடு இணைப்பதாக இருந்தால் மட்டும் கவனம்: எடிட்டரும் மொழிக் கருவியும் பேசிக்கொள்ளும் எல்எஸ்பி நெறிமுறையில், வரிக்குள் இடத்தை எந்த அலகில் எண்ணுவது என்று சொல்லாமல் விட்டால் 16 பிட் அலகுகளில் எண்ண வேண்டும். 3.17 பதிப்பு முதல் யூடிஎஃப்-8 என்று இரு தரப்பும் பேசி வைத்துக்கொள்ளலாம்.

இலைக்கணக்கு

வைட் கேரக்டர் கிளையை அழித்துவிட்டேன். அன்சைன்ட் சார், 128-க்கு மேல் எல்லாம் பெயர், கடைசியில் சரிபார்ப்பு, நாலு ஜோடி, தொடக்க பைட் சோதனை, இவ்வளவும் போட்டாயிற்று. லேப் மெஷினிலும் பையிலும் ஒரே விடை வருகிறது, பூட்டிலும். சரிபார்க்கும் ஃபங்ஷனுக்குள் பழைய_லினக்ஸ் சார் சொன்னபடி 32 பிட் எண்களாகத்தான் மாற்றுகிறேன், ஜோடிகளைப் படிக்க அதுதான் வசதி.

ஒரு சந்தேகம் பாக்கி. பிள்ளைகள் சிலர் விலை = ௨௧ என்று தமிழ் இலக்கத்தில் எழுதுகிறார்கள். இப்போது அது பெயர் என்று போய், இலக்கத்தில் தொடங்கக் கூடாது என்று சரிபார்ப்பில் நிற்கிறது. எண்ணாக ஏற்கலாமா?

கூடலூர்_வாசி

பைத்தானில் சரமாகக் கொடுத்து இன்ட் ஆக்கினால் 21 வரும், கோடில் நேரடியாக எழுதினால் பிழை. உங்கள் மொழி, உங்கள் இஷ்டம். ஏற்பதென்றால் 3046 முதல் 3055 வரை மட்டும். ௰, ௱, ௲ மூன்றும் இலக்க வகையில் சேராது, அவற்றைத் தொடாதீர்கள்.

பைட்_பைத்தியம்

ஒரே எண்ணுக்குள்ள 2௧னு ரெண்டும் கலந்து வந்தா மட்டும் பிழைன்னு சொல்லிடுங்க.